இரண்டு விதமாகப் படிக்கத்தக்க மந்திர விதிகளுக்குத் தீர்ப்புச் சொல்வது எப்படி?

ஆளுக்கொரு கேரக்டரை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் நான்காம் பதிப்பு 2008இல் வெளிவந்தபோது, ஒரு மந்திரம் யாரைக் குறிவைக்கும், எந்தத் தற்காப்பை எதிர்த்து உருட்ட வேண்டும், பட்டால் என்ன, தவறினால் என்ன என்பதெல்லாம் கட்டத்துக்குள் தனித்தனி வரிகளாக அச்சிடப்பட்டிருந்தன. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த முறையை விட்டுவிட்டு, மந்திரங்களைச் சாதாரண உரைநடையில் எழுதியது. படிப்பதற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் உரைநடைக்கே உரிய நெகிழ்வும் கூடவே வந்துவிட்டது. ஒரே வாக்கியத்தை டி.எம். (ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் டன்ஜன் மாஸ்டர்) ஒரு விதமாகவும் மந்திரம் ஏவுபவர் வேறு விதமாகவும் படிக்கிறார்கள். இருவரும் புத்தகத்தைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள், இருவருமே நேர்மையாகத்தான் பேசுகிறார்கள்.

இந்த நேரத்தில் "எப்படி வைத்தால் ஆட்டம் நன்றாக இருக்கும்" என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் வாதம் முடிவதே இல்லை. ஏனென்றால் யாருக்கு நன்றாக இருக்கும் என்பது அடுத்த கேள்வியாக வந்து நிற்கும். முதலில் வாசகத்தைப் படிக்க வேண்டும், பிறகு அதைச் சுற்றியுள்ள விதிகளைப் பார்க்க வேண்டும், பிறகு பக்கத்து மந்திரங்களோடு ஒப்பிட வேண்டும், அதன் பின்னரே சொந்த விருப்பத்துக்கு இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தத் தீர்ப்புக்கும் கடைசியில் ஒரே ஒரு சோதனை போதும்: நாளை எதிரி மந்திரவாதி இதே மந்திரத்தை நம் கேரக்டர்கள் மேல் ஏவினால், இதே தீர்ப்பை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்வோமா?

முதலில் சரியான வாசகம்

வாதத்துக்குக் காரணமான மந்திரத்தின் முழு வாசகத்தையும் எடுத்து, உரக்கப் படியுங்கள். நினைவிலிருந்து சொல்வதும், மொபைல் செயலிகளில் இருக்கும் இரண்டு வரிச் சுருக்கத்தைப் படிப்பதும் இதற்கு ஈடாகா. பெரும்பாலான சண்டைகள் சுருக்கத்தில் விடுபட்ட ஒரு சொல்லால் வருபவை. புத்தகம் கையில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்.ஆர்.டி. 5.1, 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. திருத்திய விதிகளுக்கான 5.2 தொகுப்பு 2025இல் வந்தது. கீழே நான் எடுத்துக்காட்டும் மந்திரங்களைக் காசில்லாமலே அவற்றில் முழுமையாகப் படிக்கலாம்.

எந்த ஆண்டின் விதியைப் படிக்கிறோம் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துகொள்வது அவசியம். 2024இல் வந்த, ஆட்டக்காரர்களுக்கான திருத்திய விதிநூலான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் மந்திரங்களின் பெயர்கள் அநேகமாக அப்படியே இருக்கின்றன, உள்ளே இருக்கும் வாக்கியங்கள் பல இடங்களில் மாறியிருக்கின்றன. 2014 நூலில் எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற தாக்குதல் மந்திரம் உயிரினத்தை மட்டுமே தாக்கும், பூட்டிய கதவைத் தாக்காது. 2024 நூலில் ஜடப்பொருளையும் தாக்கும். சில் டச் என்ற பெயரைப் பார்த்துத் தொட வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு 2014 நூல் 120 அடி தூரம் என்று பதில் சொன்னது. 2024 நூலில் அது உண்மையாகவே தொட்டு ஏவும் மந்திரமாகிவிட்டது. பெயர் ஒருபோதும் விதியாகாது. தலைப்பின் கீழே இருக்கும் தூரம், காலம், தேவைப்படும் பொருட்கள் ஆகிய வரிகள்தான் விதி. அவற்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சிக்கல் எந்தச் சொல்லில் இருக்கிறது?

"இந்த மந்திரம் குழப்பமாக இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்வதால் பயனில்லை. எந்த ஒரு சொல்லை இருவரும் வேறுவேறாகப் படிக்கிறார்கள் என்று விரல் வைத்துக் காட்டும் வரை, தீர்ப்புச் சொல்ல ஆரம்பிக்கவே கூடாது. மூன்பீம் மந்திரம் இதற்கு மிகச் சிறந்த பயிற்சி என்பதால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2014 நூலின்படி, இந்த இரண்டாம் நிலை மந்திரம் (நிலை உயர உயர மந்திரத்தின் பலமும் உயரும்) ஐந்து அடி ஆரமும் நாற்பது அடி உயரமும் கொண்ட ஒளித்தூணை உண்டாக்கும். ஓர் உயிரினம் ஒரு டர்னில், அதாவது சண்டையில் யாரோ ஒருவர் செயல்படும் வாய்ப்பின்போது, முதன்முறையாக அந்தப் பகுதிக்குள் நுழையும்போதோ, தன் டர்னை அங்கே தொடங்கும்போதோ, கான்ஸ்டிட்யூஷன் சேவிங் த்ரோ (உடல் உறுதியால் தாக்கத்தைத் தாங்க முயலும் பகடை) உருட்ட வேண்டும். தோற்றால் 2டி10 (இரண்டு பத்துமுகப் பகடைகளின் கூட்டல்) சேதம், வென்றால் அதில் பாதி. ட்ரூயிட் என்ற இயற்கை மந்திரவாதி இந்த ஒளித்தூணை, காப்ளின் என்ற சிறு அரக்கன் நிற்கும் இடத்திலேயே இறக்குகிறார். உடனே சேதம் உண்டா?

இங்கே விரல் வைக்க வேண்டிய சொல் "நுழையும்போது". காப்ளின் எங்கும் நுழையவில்லை. ஒளிதான் அதன் மேல் வந்து விழுந்தது. ஆகவே 2014 வாசகத்தின்படி அந்தக் கணத்தில் சேதம் இல்லை. காப்ளினின் டர்ன் தொடங்கும்போதுதான் உண்டு. ட்ரூயிட் அடுத்த டர்னில் தன் ஆக்‌ஷனைச் செலவழித்து ஒளியை வேறொரு காப்ளின் மேல் நகர்த்தினாலும் இதே பதில்தான். வெளியீட்டாளரின் அதிகாரப்பூர்வ விளக்கத் தொகுப்பான சேஜ் அட்வைஸும் இந்த இரு கேள்விகளுக்கும் இல்லை என்றே பதில் சொன்னது.

இரண்டாவது சொல் இதைவிட நுட்பமானது. "ஒரு டர்னில்" என்று இருக்கிறதே தவிர, "தன் டர்னில்" என்று இல்லை. ஒரு ரவுண்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு டர்ன் உண்டு என்பதால், இந்த ஒரு சொல் பெரிய வாசலைத் திறந்துவிடுகிறது. காப்ளின் ஒளிக்குள் தன் டர்னைத் தொடங்கிச் சேதம் வாங்கிக்கொண்டு வெளியே ஓடுகிறது. அடுத்து போர்வீரரான ஃபைட்டரின் டர்ன் வருகிறது, அவர் அதை ஒளிக்குள் பிடித்துத் தள்ளுகிறார். அது ஃபைட்டரின் டர்னில் முதல் நுழைவு என்பதால் மறுபடியும் சேதம். தானாக நுழைய வேண்டும் என்று மந்திரம் சொல்லாததால், தள்ளப்பட்டு விழுவதும் நுழைவுதான். அதே டர்னில் வெளியே இழுத்து மீண்டும் உள்ளே தள்ளினால் மட்டும் பயனில்லை, ஏனென்றால் அது முதல் முறை அல்ல.

முதல் கேள்வியில் வாசகம் ட்ரூயிடுக்குப் பாதகமாக இருக்கிறது, இரண்டாவதில் அவர் அணிக்குச் சாதகமாக இருக்கிறது. முதல் இடத்தில் சொல்லுக்குச் சொல் படித்துவிட்டு இரண்டாம் இடத்தில் "இது கொஞ்சம் அதிகம்" என்று தள்ளிவிடும் டி.எம். தன் தீர்ப்பின் மேல் இருக்கும் நம்பிக்கையைத் தானே குறைத்துக்கொள்கிறார். 2024 நூலில் இந்த வாசகம் முழுவதுமாகத் திருத்தப்பட்டது: ஒளித்தூண் தோன்றும்போதும், அது உயிரினத்தின் மேல் நகர்ந்து வரும்போதும், உயிரினம் நுழையும்போதும், தன் டர்னை அங்கே முடிக்கும்போதும் சேவிங் த்ரோ உண்டு, ஆனால் ஒரு டர்னுக்கு ஒரு முறைதான். 2014 நூலை வைத்து ஆடுபவர்களில் பலருக்கு முதல் டர்னிலேயே சேதம் தர வேண்டும் என்ற ஆசை இருக்கும். அதைத் தாராளமாகச் செய்யலாம், ஆனால் அப்போது 2024 வாசகத்தை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் இனிப்பான பகுதிகளை மட்டும் பொறுக்குவது விளக்கம் ஆகாது.

சாதாரணச் சொல்லா, விதிச் சொல்லா?

உயிரினம், ஜடப்பொருள், பார்த்தல், குறி, தாக்குதல் போன்ற சொற்கள் உரைநடையில் இயல்பாக வந்தாலும், அவற்றுக்கு விதிநூலில் தனி எல்லை உண்டு. கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் நிற்கும் கொள்ளைத் தலைவன் மேல், ஆளை அசையவிடாமல் நிறுத்தும் ஹோல்ட் பெர்சன் மந்திரத்தை ஏவலாமா என்று ஒருவர் கேட்கிறார். பார்க்கக்கூடிய மனிதன் என்றுதானே மந்திரத்தில் எழுதியிருக்கிறது? உண்மைதான், ஆனால் எந்த மந்திரத்துக்கும் பொதுவான விதி ஒன்று இருக்கிறது: குறிவைக்கும் இலக்குக்கும் ஏவுபவருக்கும் இடையே தடையற்ற பாதை இருக்க வேண்டும், இலக்கு முழு மறைப்புக்குப் பின்னால் இருக்கக் கூடாது. மூடிய கண்ணாடி பார்வையைத் தடுக்காது, பாதையைத் தடுக்கும். ஆகவே ஹோல்ட் பெர்சன் செல்லாது. ஏவுபவரை வேறிடத்துக்குத் தாவச் செய்யும் மிஸ்டி ஸ்டெப் மட்டும் அதே கண்ணாடியைத் தாண்டிச் செல்லும். அது ஏவுபவர் மேலேயே செயல்படும் மந்திரம், போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க முடிந்தால் போதும் என்றுதான் அதன் வாசகம் கேட்கிறது.

வாசகத்தில் இல்லாத ஆற்றலை ஏற்றுவது இதற்கு நேர் எதிரான தவறு. கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர் மந்திரத்தால் எதிரியின் நுரையீரலுக்குள் தண்ணீரை உண்டாக்கலாமா, ஹீட் மெட்டல் மந்திரத்தால் ரத்தத்தில் இருக்கும் இரும்பைச் சூடாக்கலாமா என்ற கேள்விகள் எல்லா ஆட்டக் குழுக்களிலும் ஒரு நாள் எழுந்தே தீரும். இரண்டுக்கும் பதில் வாசகத்திலேயே இருக்கிறது. முதல் மந்திரம் திறந்த பாத்திரத்தில் தண்ணீரை உண்டாக்கும், அல்லது மழையாகப் பெய்யச் செய்யும். உயிருள்ள உடலைத் திறந்த பாத்திரம் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாவது, மனிதர் செய்த, கண்ணால் பார்க்கக்கூடிய உலோகப் பொருளைத்தான் கேட்கிறது. ரத்தத்தின் இரும்பு இரண்டு நிபந்தனையிலும் தோற்கிறது. கேட்பவரின் கற்பனையை மட்டம் தட்டாமல், நிபந்தனையைக் காட்டிப் பதில் சொல்லுங்கள். விதிகள் இயற்பியல் அல்ல என்பதையும், அவை நல்லெண்ணத்தோடு படிக்கப்படும் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்டவை என்பதையும் டி.எம்.களுக்கான நூலான 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு வெளிப்படையாகவே சொல்கிறது.

இரண்டு விதிகள் மோதும்போது

குறிப்பான விதி பொது விதியை வெல்லும் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை. ஆனால் குறிப்பான இரண்டு வாசகங்களே ஒன்றோடொன்று உரசும் இடங்கள் உண்டு. நான் மிகவும் விரும்பி விவாதிக்கும் இடம் டிசின்டகிரேட்டும் வால் ஆஃப் ஃபோர்ஸும் சந்திக்கும் இடம்.

ஆறாம் நிலை மந்திரமான டிசின்டகிரேட், பார்க்கக்கூடிய இலக்கை நோக்கிப் பச்சைக் கதிரைச் செலுத்துகிறது. அந்த இலக்கு உயிரினமாகவோ, ஜடப்பொருளாகவோ, மந்திர விசையால் ஆன படைப்பாகவோ இருக்கலாம் என்று சொல்லி, அதற்கு எடுத்துக்காட்டாக வால் ஆஃப் ஃபோர்ஸின் சுவரையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஐந்தாம் நிலை மந்திரமான வால் ஆஃப் ஃபோர்ஸின் வாசகமோ அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரியாதது என்கிறது. மந்திரங்களைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக் அதை ஒன்றும் செய்யாது, டிசின்டகிரேட் அதை உடனே அழிக்கும் என்றும் சொல்கிறது. பார்க்க முடியாத சுவரை, பார்க்கக்கூடிய இலக்கு கேட்கும் மந்திரம் எப்படிக் குறிவைக்கும்?

கண்டிப்பாகப் படிப்பவர், கண்ணுக்குத் தெரியாதவற்றைக் காட்டும் ஸீ இன்விசிபிலிட்டியை ஏவியிருக்கும் மந்திரவாதியால் மட்டுமே முடியும் என்பார். அந்த வாசிப்பிலும் எந்த வாக்கியமும் முற்றிலும் வீணாகப் போவதில்லை என்பதால், அதை அபத்தம் என்று ஒதுக்க முடியாது. ஆனாலும் நான் அதை ஏற்பதில்லை. இரண்டு மந்திரங்களும் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைக்கின்றன. மூன்றாவதாக ஒரு மந்திரம் தேவை என்று இரண்டில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. சுவரை அழிக்கும் என்ற வாக்கியத்தில் எந்த நிபந்தனையும் இல்லை. எழுதியவர்கள் வெளிப்படையாக எதிர்பார்த்த ஒரு பயன்பாட்டை, பொதுவான ஒரு சொல்லைக் கொண்டு அடைப்பது சரியான வாசிப்பு ஆகாது. எனவே, சுவர் எங்கே நிற்கிறது என்பது ஏவுபவருக்குத் தெரிந்திருந்தால் போதும் என்பது என் தீர்ப்பு: யாராவது அதில் முட்டியிருக்க வேண்டும், அல்லது விட்ட அம்பு வெற்றுவெளியில் மோதி விழுவதைப் பார்த்திருக்க வேண்டும். அதே நேரத்தில் இந்தத் தளர்வு பெயர் குறிப்பிடப்பட்ட மந்திர விசைச் சுவருக்கு மட்டும்தான். "கண்ணுக்குத் தெரியாத திருடனையும் அப்படியே அழிக்கலாமே" என்று அடுத்த வாரம் யாரும் இதை நீட்டிக்க முடியாது. தீர்ப்பு எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நீண்ட நாள் தாங்கும்.

எழுத்துக்கு எழுத்து படிப்பதால் விபரீதம் வரும் இடங்களும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 2014 விதியில், கண்ணுக்குத் தெரியாத நிலையில் இருப்பவரைத் தாக்குபவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை பகடை உருட்டி, குறைந்த எண்ணை எடுத்தல்) என்ற வரி தனியாக நிற்கிறது. ஸீ இன்விசிபிலிட்டியால் அவரைத் தெளிவாகப் பார்ப்பவருக்கும் அந்த வரி விலக்குத் தரவில்லை. பார்க்க முடிந்தவரிடம் அந்தப் பயன் செல்லாது என்று 2024 நூல் திருத்திவிட்டது. பழைய நூலை வைத்து ஆடுபவர்களும் இந்தத் திருத்தத்தை இன்றே எடுத்துக்கொள்வது நல்லது.

பக்கத்து மந்திரத்தைப் பாருங்கள்

வாசகமும் பொது விதியும் போதாதபோது, அதே வேலையைச் செய்யும் வேறு மந்திரங்களோடு ஒப்பிடுங்கள். ஃபயர்பால் மரக்கதவை உடைக்குமா? 2014 வாசகத்தில் அது உயிரினங்களுக்கு 8டி6 சேதம் தருகிறது, எரியக்கூடிய பொருட்களைப் பற்றவைக்கிறது. பொருட்களுக்குச் சேதம் என்று சொல்லவில்லை. ஷேட்டர் மந்திரமோ யாரும் அணியாத, சுமக்காத, மந்திரமற்ற பொருட்களுக்கும் அதே சேதம் என்று தெளிவாகச் சொல்கிறது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத் தெரிந்த நூல், இங்கே சொல்லவில்லை. ஆகவே கதவு தீப்பிடிக்கும், அந்த நொடியிலேயே சிதறாது.

மந்திரத்தின் நிலையும் ஓர் அளவுகோல். நுரையீரலில் தண்ணீர் என்ற யோசனையை வாசகம் தடுக்காமல் இருந்திருந்தாலும், இந்த அளவுகோல் தடுத்திருக்கும்: 2014 நூலில் ஒன்பதாம் நிலையான பவர் வேர்ட் கில்கூட நூறு அல்லது அதற்குக் குறைவான ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி) உள்ளவரை மட்டுமே கொல்லும், அதே வேலையை முதல் நிலை மந்திரம் செய்யும் என்ற வாசிப்பு சரியாக இருக்க வாய்ப்பில்லை.

சொல்லும் யோசனைப்படி ஒருவரை நடக்க வைக்கும் சஜெஷன் மந்திரத்துக்கு இந்த அளவுகோல் இன்றியமையாதது. 2014 வாசகத்தில், சொல்லும் யோசனை நியாயமானதாகத் தோன்றும்படி இருக்க வேண்டும், தன்னைக் குத்திக்கொள் என்பது போன்ற வெளிப்படையான தீங்கு கூடாது. யாருக்கு நியாயமாகத் தோன்ற வேண்டும் என்பதில்தான் சண்டை. தன் போர்க்குதிரையை முதலில் எதிர்ப்படும் பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிடும்படி ஒரு வீரரிடம் சொல்லலாம் என்று நூலே எடுத்துக்காட்டுத் தருகிறது. எந்த வீரரும் தானாக அதைச் செய்யமாட்டார். ஆகவே "அவன் இதற்கெல்லாம் சம்மதிக்கமாட்டான்" என்பது மட்டுமே மறுக்கப் போதுமான காரணம் அல்ல. மறுபக்கம், இலக்கின் ஒவ்வொரு அசைவையும் ஆட்டுவிப்பது ஐந்தாம் நிலையான டாமினேட் பெர்சனின் வேலை; இரண்டாம் நிலையான சஜெஷன் அதைச் செய்யக் கூடாது. "வாயிற்காவலனே, உன் தாய் நோயுற்றிருக்கலாம், வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா" என்பது செல்லும். "எங்களுக்காக உன் தோழர்களைக் கொன்றுவிடு" என்பது செல்லாது.

குழப்பமும் பலமும் ஒன்றல்ல

தெளிவாக எழுதப்பட்டிருந்தும் நமக்குப் பிடிக்காத விதியை "இரண்டு அர்த்தம் வருகிறது" என்று சொல்லி மாற்றக் கூடாது. 2014 விதியில், லைஃப் டொமைன் கிளரிக் (குணப்படுத்தும் ஆற்றல் கூடிய பூசாரி) நிலையையும் ட்ரூயிட் நிலையையும் சேர்த்து வைத்திருக்கும் கேரக்டர், குணமூட்டும் பழங்களை உண்டாக்கும் குட்பெரியை ஏவினால், பத்துப் பழங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஹிட் பாயின்டுக்குப் பதிலாக நான்கு தரும், ஆகமொத்தம் நாற்பது. சேஜ் அட்வைஸும் இதை உறுதிசெய்தது. இதில் குழப்பம் ஏதுமில்லை, பலம்தான் அதிகம். 2024 நூல் அந்தக் கூடுதல் பயனை மந்திரம் ஏவிய டர்னுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. உங்கள் குழுவிலும் கட்டுப்படுத்த விரும்பினால், "இது நம் வீட்டு விதி" என்று அறிவித்து, ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லுங்கள்.

சேஜ் அட்வைஸைப் பற்றி ஒரு சொல். சொந்தமாக வாசகத்தைப் படித்த பிறகே அதைத் திறக்க வேண்டும். தொகுப்பில் இருப்பது அதிகாரப்பூர்வமானது. வடிவமைப்பாளர்கள் சமூக ஊடகத்தில் எழுதிய பதில்கள் பயனுள்ளவை என்றாலும் அதிகாரப்பூர்வமானவை அல்ல. ஆட்டத்தின் நடுவே அவற்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆட்டம் நடக்கும்போது

மேலே சொன்னதையெல்லாம் சண்டைக் காட்சியின் நடுவே முழுதாகச் செய்ய நேரம் இருக்காது. வாசகத்தைப் படித்து, இரு தரப்பையும் ஒரு முறை கேட்டு, ஓரிரு நிமிடங்களில் டி.எம். முடிவு சொல்லிவிட வேண்டும். பகடை உருளும் முன்பே முடிவு வர வேண்டும் என்பது இதில் மிக முக்கியம். எண் தெரிந்த பிறகு சொல்லப்படும் எந்தத் தீர்ப்பும் எண்ணைப் பார்த்துச் சொன்னதாகவே தோன்றும். ஏவுபவர் எதை எதிர்பார்த்து அந்த மந்திரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று கேளுங்கள். அவர் எதிர்பார்த்தது நடக்காது என்று தீர்ப்பு வந்தால், அந்த டர்னைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு ஏதாவது செய்ய விடுங்கள், ஸ்பெல் ஸ்லாட்டும் (மந்திரம் ஏவுவதற்கான வாய்ப்பு) செலவாக வேண்டாம். அவருடைய கேரக்டர் பல வருடம் படித்த மந்திரத்தை அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்பதற்காக அந்தக் கேரக்டரைத் தண்டிக்க வேண்டியதில்லை. இரு வாசிப்பும் சமமாக நின்று, ஒன்றில் ஒரு கேரக்டர் செத்துப்போகும் என்றால், அன்றைக்கு உயிர் பிழைக்கும் வாசிப்பையே எடுங்கள்.

தீர்ப்பை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். "மூன்பீம், 2014 வாசகம்: ஒளியை நகர்த்துவது நுழைவு ஆகாது, தள்ளப்படுவது நுழைவு, எதிரிகளுக்கும் இதுவே" என்ற அளவுக்கு இருந்தால் போதும். காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்தால், அடுத்து ஸ்பிரிட் கார்டியன்ஸ் என்ற மந்திரம் வரும்போது புதிதாக வாதாட வேண்டியிருக்காது. 2014 நூலில் அதன் வாசகமும் இதே வகைதான். ஆட்டம் முடிந்த பிறகு, அல்லது அடுத்த ஆட்டத்துக்கு முன், எல்லோரும் நிதானமாகப் படித்துப் பார்த்து அந்தக் குறிப்பை மாற்றலாம். மாற்றினால், மாற்றிய நாளிலிருந்துதான் அது செல்லும். நடந்து முடிந்த சண்டையைத் திருப்ப வேண்டாம். பழைய தீர்ப்பை நம்பி லெவல் ஏறும்போது ஒருவர் அந்த மந்திரத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதற்குப் பதிலாக அதே நிலையில் வேறொரு மந்திரத்தை எடுத்துக்கொள்ள அவருக்கு அனுமதி தர வேண்டும்.